மூச்சிரைத்தால் நிற்பதா, நடப்பதா?

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவரும், பல வருட இளைப்போடு இன்ஹேலரை நம்பி வாழ்பவரும் பெரும்பாலும் ஒரே ஆலோசனையோடுதான் வீடு திரும்புகிறார்கள்: “தினமும் கொஞ்சம் நடங்க. மூச்சு வாங்கினா உட்கார்ந்துடுங்க.” முதலாமவருக்கு இது ஏறக்குறையச் சரி. இரண்டாமவருக்கோ, தேவையான சிகிச்சையின் வாசலிலேயே அவரைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. எவ்வளவு நேரம், எந்த வேகம், எதைக் கண்டு நிற்பது, எதைக் கண்டும் நிற்காமல் தொடர்வது என்று சொல்லாத உடற்பயிற்சி ஆலோசனை, அளவு எழுதாத மருந்துச் சீட்டுதான்.

நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சிகளில் உலகெங்கும் நன்கு ஆராயப்பட்டவை இரண்டு. ஒன்று, மாரடைப்பு, பைபாஸ், இதயச் செயலிழப்பு ஆகியவற்றுக்குப் பிந்தைய இதய மறுவாழ்வு. மற்றொன்று, சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கான நுரையீரல் மறுவாழ்வு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதே டிரெட்மில், அதே சைக்கிள், அதே ஒன்று இரண்டு கிலோ டம்பெல். உள்ளே இயங்கும் தர்க்கம் மட்டும் வேறு. எந்த உறுப்பு முதலில் கைவிரிக்கிறது என்று அறியாமல் வகுத்த பயிற்சி, எவ்வளவு மென்மையாக இருந்தாலும் பாதுகாப்பானது ஆகாது என்பதே என் கருத்து.

இரண்டுக்கும் தொடக்கம் படுக்கைதான். 1912-இல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக் மாரடைப்பை உயிரோடிருக்கும் நோயாளியிடமே கண்டறிய முடியும் என்று காட்டியபின், பல பத்தாண்டுகளுக்கு ஆறு வாரம் அசையாமல் படுத்திருப்பதே சிகிச்சையாக இருந்தது. சேதமான இதயத் தசை வடுவாக இறுக அவ்வளவு காலம் ஆகும் என்பது காரணம். 1952-இல் பாஸ்டனின் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லோனும் 81 நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இறக்கிச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, அந்த அனுபவத்தை எழுதினார்கள். நாற்காலியில் உட்கார்வதே அன்று துணிச்சலான காரியம்.

படுக்கை எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு மறுக்க முடியாத சான்று 1966-இல் டல்லாஸில் கிடைத்தது. ஆரோக்கியமான, இருபது வயதை ஒட்டிய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். உழைக்கும்போது உடல் பயன்படுத்தக்கூடிய உச்சபட்ச ஆக்ஸிஜன் அளவு கால்பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரையும் மறுபடி சோதித்தபோது, முப்பது வருட முதுமை குறைத்ததைவிட அன்றைய மூன்று வாரப் படுக்கை குறைத்தது அதிகம் என்று தெரிந்தது. “நல்லா ரெஸ்ட் எடுங்கப்பா, நாங்க பார்த்துக்கறோம்” என்று அன்போடு சொல்லும் ஒவ்வொரு வீட்டிலும் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

நுரையீரல் பக்கம் வெளிச்சம் தாமதமாக வந்தது. லெவின், லோன் எழுதிய அதே 1952-இல் நியூயார்க்கின் ஆல்வன் பராக், நுரையீரல் விரிந்து கெட்ட நோயாளிகள் ஆக்ஸிஜன் துணையோடு நடந்து பழகினால் முன்னேறுகிறார்கள் என்று குறித்தார். அது எடுபடவில்லை. மூச்சிரைப்பே நோய், ஆகவே மூச்சிரைக்க வைப்பதெல்லாம் நோயை வளர்க்கும் என்ற நம்பிக்கை அவ்வளவு வலுவாக இருந்தது. அந்த நம்பிக்கை நம் குடும்பங்களில் இன்னும் கலையவில்லை. இதய நோயாளி நடைப்பயிற்சிக்குக் கிளம்பினால் பாராட்டும் வீடு, இளைப்புக்காரர் வாசல்வரை நடந்தாலே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறது.

இந்த நம்பிக்கை எங்கே தவறுகிறது என்று தெரிய, இரண்டு உடல்களும் உழைக்கும்போது உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும். இதயத் தமனி குறுகியவருக்கு உழைப்பு கூடக்கூட இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. இதயத் தசைக்கே அதிக ரத்தம் தேவைப்படுகிறது. ஒரு கட்டத்துக்குமேல் குறுகிய குழாய் அதைக் கொடுக்க முடிவதில்லை. அந்த எல்லையைத் தாண்டினால் நெஞ்சில் இறுக்கமோ, தாடையிலும் இடது கையிலும் வலியோ, சீர்கெட்ட துடிப்போ வரலாம். பயிற்சி செய்யச் செய்ய, அதே வேலைக்கு இதயம் முன்பைவிடக் குறைவாகத் துடிக்கிறது. அதனால் எல்லை தள்ளிப்போகிறது. நேற்று முதல் மாடியில் வந்த நெஞ்சிறுக்கம் சில மாதம் கழித்து இரண்டாம் மாடியில்தான் வருகிறது. எல்லைக்குக் கீழே நின்றுகொண்டு எல்லையை உயர்த்துவதுதான் இதய மறுவாழ்வின் வழி.

சிஓபிடியில் சிக்கல் காற்றை உள்ளே இழுப்பதில் தொடங்குவதில்லை, வெளியே விடுவதில் தொடங்குகிறது. குறுகிய, தளர்ந்த குழாய்கள் வழியே காற்று மெதுவாகத்தான் வெளியேறும். வேகமாக நடந்தால் மூச்சின் வேகமும் கூடும். பழைய காற்று முழுவதும் போவதற்குள் புதியது உள்ளே வந்துவிடும். இறங்குகிறவர்கள் இறங்கி முடிப்பதற்குள் ஏறுகிறவர்கள் முண்டியடிக்கும் நகரப் பேருந்தின் நிலைதான் அது. நெஞ்சுக்கூடு நிரம்பிவிடுகிறது, அடுத்த மூச்சுக்கு இடமே இல்லை. நோயாளி உணரும் அந்தத் திணறல் அச்சமூட்டுவது. ஆனால் ஆக்ஸிஜன் அளவு சரியாக இருக்கும்வரை, அந்தத் திணறல் தன்னளவில் நுரையீரலைச் சேதப்படுத்துவதில்லை. நின்று, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினால் சில நிமிடத்தில் இறங்கிவிடும்.

மேலும் ஒன்று உண்டு. சிஓபிடி நோயாளிகளைச் சைக்கிள் மிதிக்கச் சொல்லி எதனால் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், கணிசமானவர்கள் மூச்சைச் சொல்வதில்லை, காலைச் சொல்கிறார்கள். வருடக்கணக்கில் நடமாட்டம் குறைந்ததால் தொடைத் தசை தேய்ந்திருக்கிறது. தேய்ந்த தசை சிறு வேலைக்கே லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. அந்த அமிலம் மூச்சை மேலும் விரட்டுகிறது. மூச்சிரைப்புக்குப் பயந்து உட்கார்ந்தவர், உட்கார்ந்ததாலேயே மேலும் மூச்சிரைக்கிறார். 1991-இல் ரிச்சர்ட் கசபுரியின் குழு, ஓரளவு கடுமையாகப் பயிற்சி செய்த நோயாளிகளிடம் இந்த அமிலமும் மூச்சின் வேகமும் குறைவதைக் காட்டியது. இலேசாகப் பயிற்சி செய்தவர்களுக்குப் பலன் குறைவாகவே கிடைத்தது. மறுவாழ்வு முடிந்தபின் நுரையீரல் திறன் சோதனையில் ஊதச் சொன்னால் பழைய எண்ணேதான் வரும். கெட்ட நுரையீரல் திரும்புவதில்லை, கால்தான் திரும்புகிறது. அந்தக் காலை நம்பித்தான் நோயாளி கடைவரை போய்வருகிறார்.

ஆகவே மூச்சிரைப்பு இரு திட்டங்களிலும் இரு வேறு வேலை செய்கிறது. இதய நோயாளியிடம் வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு எச்சரிக்கை. நுரையீரல் நோயாளியிடம் அளவான மூச்சிரைப்பே மருந்தின் அளவுகோல்.

பயிற்சிக்கு முன் செய்யும் சோதனைகளிலேயே இந்த வேறுபாடு தெரிந்துவிடும். இதயப் பிரிவில் வழக்கமானது, ராபர்ட் புரூஸ் 1963-இல் நிலைநிறுத்திய டிரெட்மில் முறை. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் ஏறும். மார்பில் ஈசிஜி கம்பிகள் ஒட்டியிருக்கும். வேகத்தை இயந்திரம் நிர்ணயிக்கிறது, நோயாளி ஈடுகொடுக்க வேண்டும். எந்தத் துடிப்பில் ஈசிஜி மாறுகிறது என்று கண்டுபிடிப்பதே நோக்கம். நுரையீரல் பிரிவில் ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் நீளமுள்ள சமதளத் தாழ்வாரமும் இரண்டு கூம்புகளும் ஒரு ஸ்டாப்வாட்சும் போதும். வேகத்தை நோயாளியே வைத்துக்கொள்கிறார், இடையில் நின்று இளைப்பாறலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. எத்தனை மீட்டர் நடந்தார், ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்கியது என்று குறிக்கிறார்கள். சில மாதப் பயிற்சிக்குப் பின் சுமார் 30 மீட்டர் கூடினால் நோயாளியின் அன்றாட வாழ்க்கையில் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் என்று கொள்கிறார்கள். முதல் சோதனையில் பழக்கமின்மையால் தூரம் குறைவாக வரும் என்பதால் இருமுறை நடக்கச் சொல்வது முறை. நேர நெருக்கடியில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான். அப்போது கூடிய தூரம் பயிற்சியால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் போகிறது.

அளவை எப்படி எழுதுவது? இதயத்துக்கு நாடித்துடிப்பு. 220-இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பை ஊகிக்கும் வழி எல்லோரும் அறிந்தது. மாரடைப்பு வந்த நம்மவர்களில் பெரும்பாலானோருக்கு அது உதவாது, ஏனெனில் அவர்கள் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். 60 வயதுக்காரர் 160-ஐக் கணக்காக வைத்துக்கொண்டு அதில் முக்கால் பங்கை எட்டுவதற்காக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், துடிப்பு ஏறாது, இதயத்தின் சுமைதான் ஏறும். மாத்திரை சாப்பிட்ட நிலையிலேயே டிரெட்மில் சோதனை செய்து, அதில் கண்ட உச்சத் துடிப்புக்கும் ஓய்வுத் துடிப்புக்கும் உள்ள இடைவெளியில் 40 முதல் 70 சதவீதத்தை எல்லையாக வைப்பது சரியான வழி. சோதனையில் ஈசிஜி மாறியிருந்தால், மாறிய துடிப்புக்குப் பத்து கீழேயே நின்றுவிட வேண்டும். இதோடு, சுவீடனின் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான உழைப்பு அளவுகோலில் நோயாளி 12, 13 என்று சொல்லும் இடம், அதாவது சற்றே கஷ்டம் என்று உணரும் இடம், துணைச் சாட்சி.

நுரையீரல் நோயாளிக்கு நாடித்துடிப்பு நல்ல வழிகாட்டி இல்லை. இதயம் தன் எல்லையை எட்டும் முன்பே மூச்சு முட்டிவிடும். சால்பியூட்டமால் இன்ஹேலர் தன் பங்குக்குத் துடிப்பை ஏற்றிவைக்கும். ஆகவே போர்க்கின் மற்றோர் அளவுகோலை, 0 முதல் 10 வரை மூச்சிரைப்பைச் சொல்லும் அளவுகோலை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் 4 முதல் 6 வரை இலக்கு. ஓரளவு கடுமையான, பேசினால் வாக்கியம் துண்டுபடும் மூச்சிரைப்பு அது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் இதை முன்கூட்டியே சொல்லிப் புரியவைக்காவிட்டால் இரண்டாம் நாளே வரமாட்டார்கள். தொடர்ந்து அவ்வளவு நேரம் தாங்க முடியாதவர்களுக்கு ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் ஓய்வு என்று மாற்றி மாற்றிச் செய்வது நல்ல பலன் தருகிறது. இடைவெளியில் பழைய காற்று வெளியேற நேரம் கிடைக்கிறது.

ஒரு வகுப்பின் வடிவமும் மாறுபடுகிறது. இதயப் பயிற்சியில் முதல் 15 நிமிடம் மெல்லத் தொடங்கிச் சூடேற்றுவதற்கே போகும், கடைசி 10 நிமிடம் படிப்படியாகத் தணிப்பதற்கு. அவசரப்பட்டு இவற்றை வெட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. இதயத் தமனிகள் விரிந்துகொடுக்க நேரம் வேண்டும். திடீரென்று நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி, அழுத்தம் சட்டென இறங்கி, மயக்கமும் துடிப்புக் கோளாறும் வரக்கூடும். பல விபத்துகள் பயிற்சி முடிந்தபின் வரும் நிமிடங்களில் நடப்பவை. முடிந்ததும் தரையில் மல்லாந்து படுப்பதும் கூடாது. நுரையீரல் பயிற்சியில் முக்கியத்துவம் வேறிடத்தில். மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரைப் பயிற்சிக்குச் சற்று முன் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊதி வெளியே விடும் நேரத்தில் பளுவைத் தூக்க வேண்டும். கைப்பயிற்சிக்குத் தனி இடம் தர வேண்டும். தலைக்குமேல் கை தூக்கினால் மூச்சுக்கு உதவிக்கொண்டிருந்த தோள் தசைகள் கையைத் தாங்கப் போய்விடுகின்றன. தலை சீவும்போதும், கொடியில் துணி உலர்த்தும்போதும் மூச்சு முட்டுவது அதனால்தான்.

பளுப் பயிற்சியில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. இதய நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். பைபாஸ் செய்தவருக்கு நெஞ்செலும்பு கூட இரண்டு மூன்று மாதமாகும், அதுவரை கனமானதைத் தொடக்கூடாது. நுரையீரல் நோயாளிக்கோ தொடைக்கான பளுப் பயிற்சி ஒரு வரம். நடப்பதைவிடக் குறைவாக மூச்சிரைக்க வைத்துத் தசையை வளர்க்கும் வழி அது.

சத்தமில்லாத ஆபத்து இரு பக்கமும் உண்டு. நீண்ட காலச் சர்க்கரை நோயால் நரம்பு மரத்தவருக்கு இதயத் தசை ரத்தமின்றித் தவித்தாலும் நெஞ்சுவலி வராமல் போகலாம். “வலிச்சா நிறுத்துங்க” என்ற அறிவுரை அவரைக் காப்பாற்றாது. வலிக்குப் பதிலாக வரும் திடீர்ச் சோர்வையும் குளிர்ந்த வியர்வையையும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நுரையீரல் பக்கம், மூச்சிரைப்பு பெரிதாக இல்லாமலே ஆக்ஸிஜன் சரியும் நோயாளிகள் இருக்கிறார்கள், குறிப்பாக நுரையீரல் தழும்பேறியவர்கள். சைக்கிள் மிதிக்கும்போது தெரியாத சரிவு நடக்கும்போது தெரியும். 88 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்தி, ஆக்ஸிஜன் துணை தேவையா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். கொரோனாவுக்குப் பின் பல வீடுகளில் கிடக்கும் விரல்நுனி ஆக்ஸிமீட்டர் இதற்கு உதவும். ஆனால் கருந்தோல் கொண்டவர்களிடம் அது உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று எச்சரித்தது. நம் மருத்துவமனைகளில் 89-ஐப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எப்போது தொடங்குவது என்பதில்தான் ஒன்றின் அனுபவத்தை மற்றதற்குப் பொருத்துவது எவ்வளவு அபாயம் என்று தெரிந்தது. சிக்கலில்லாத மாரடைப்பில் ஓரிரு நாளிலேயே எழுப்பி நடக்க வைக்கிறார்கள், அது நல்லது. அதே துணிவில் இங்கிலாந்தின் லெஸ்டர் குழு, நாள்பட்ட நுரையீரல் நோய் திடீரென மோசமாகி அனுமதிக்கப்பட்டவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் பயிற்சியைத் தொடங்கிப் பார்த்தது. 2014-இல் வெளியான முடிவில் மறு அனுமதி குறையவில்லை. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் பயிற்சிக் குழுவில் அதிகம். காரணம் இன்னும் விவாதத்துக்கு உரியது. வீடு திரும்பிய சில வாரத்துக்குள் தொடங்குவதே இன்று பெரிதும் ஏற்கப்பட்ட வழி.

ஒழுங்காக நடத்தினால் இரண்டுமே பாதுகாப்பானவை. 1986-இல் வெளியான, அமெரிக்காவின் 167 இதய மறுவாழ்வு மையங்களின் கணக்கெடுப்பில், சுமார் 1,12,000 நோயாளி-மணி நேரத்துக்கு ஒரு இதய நிறுத்தமும், சுமார் 7,84,000 மணி நேரத்துக்கு ஒரு மரணமுமே பதிவாகியிருந்தன. அந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் மையத்தில் தயாராக இருந்த ஆட்களின், மின்னதிர்வுக் கருவியின் வேலை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2021 தொகுப்பாய்வு 85 ஆய்வுகளைப் பார்த்து, இதய மறுவாழ்வு இதய நோய் இறப்பையும் மருத்துவமனை அனுமதியையும் குறைக்கிறது என்றது. நுரையீரல் மறுவாழ்வு பற்றிய 2015 தொகுப்பாய்வு 65 ஆய்வுகளைப் பார்த்தபின், பலன் உண்டா என்று கேட்கும் சோதனைகள் இனித் தேவையில்லை என்று அந்தக் கேள்வியையே மூடிவிட்டது. இவ்வளவு உறுதியான சான்றுள்ள சிகிச்சை இவ்வளவு குறைவாக எழுதித் தரப்படுவது எனக்கு ஆறாத வருத்தம்.

இந்தியாவில் மையங்களே குறைவு என்பதால் பிறந்த முயற்சி, 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட யோகா-கேர் ஆய்வு. யோகா அடிப்படையிலான அந்த மறுவாழ்வு இறப்பையோ மறு மாரடைப்பையோ திட்டவட்டமாகக் குறைத்ததாக நிறுவ முடியவில்லை. பழைய வேலைகளுக்குத் திரும்புவது மேம்பட்டது. செலவில்லாமல் செய்யலாம் என்பதற்காக அதை முழு மாற்றாகக் கொள்ளக்கூடாது, ஒன்றுமே இல்லாத இடத்தில் தள்ளிவிடவும் கூடாது.

இனி, இரண்டு நோயும் ஒருவருக்கே இருந்தால்? இது அரிதல்ல. பீடி இரண்டையும் கெடுக்கிறது. விறகடுப்பின் புகையில் பல்லாண்டு சமைத்த பெண்ணுக்கு சிஓபிடியோடு சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தால் இதயமும் தளரும். அவருக்கு மூச்சிரைக்கிறது. நிற்பதா, நடப்பதா? ஆக்ஸிஜன் இறங்கினால் நுரையீரலைத் தேடுங்கள், இதயச் செயலிழப்பு மட்டும் இருந்தால் நடக்கையில் அது பெரும்பாலும் இறங்குவதில்லை. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால் தணிகிறதா, கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறதா, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியதா என்று பாருங்கள். இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் போக வேண்டும். சளியின் நிறம் மாறி, அளவும் கூடி, காய்ச்சலும் இருந்தாலும் அப்படியே. இவை எதுவும் இல்லாவிட்டால், இதயச் சோதனை காட்டிய துடிப்பு எல்லைக்குள் நின்றுகொண்டு, மூச்சிரைப்பு 4-ஐத் தொடும்வரை நடக்கலாம். இரண்டு எல்லைகளில் எது முதலில் வருகிறதோ அதுவே அன்றைய எல்லை.

இதற்கெல்லாம் பெரிய மருத்துவமனை வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. அப்படி வருகிறவரின் பையில் ஆக்ஸிமீட்டர், பிரஷர் பார்க்கும் கருவி, எடை பார்க்கும் மெஷின், அளவு நாடா, தமிழில் அச்சிட்ட மூச்சிரைப்பு அளவுகோல் ஆகிய இந்த ஐந்தும் இருந்தால் போதும். ஓய்வு அழுத்தம் 180/110-ஐத் தாண்டினால் அன்று பயிற்சி வேண்டாம் என்ற வரியும், நெஞ்சிறுக்கம் வந்தால் உட்கார்ந்து நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை, குறையாவிட்டால் 108 என்ற வரியும் நோயாளியின் அட்டையிலேயே எழுதியிருக்க வேண்டும். தாழ்வாரம் இல்லாத வீடுகளில் தெருவின் ஒரு சமமான பகுதியை நாடாவால் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளலாம், வெயில் ஏறுவதற்கு முன்.